எல்லாரும் சிரித்தார்கள்

நமது சங்க மலருக்கு நகைச்சுவைக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று பதிப்பாசிரியர் என்னிடம் கேட்டபோது, அவர் தவறான ஆளிடம் வந்துவிட்டார் என்றே நினைத்தேன். எனக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டா என்பதே ஐயத்துக்குரிய விஷயம். அதற்கு எங்கள் விடுதியிலேயே அறுபது சாட்சிகள் இருக்கிறார்கள். அந்த அறுபது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த ஓர் இரவில், அவர்கள் நடுவே இரண்டேகால் மணி நேரம் அரசமரத்தடிப் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தவன் நான்.

“அந்த இரவைப் பற்றி வேண்டுமானால் எழுதித் தருகிறேன். அது நகைச்சுவைக் கட்டுரையா அல்லவா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்றேன். பதிப்பாசிரியர் உடனே சம்மதித்தார். பக்கம் நிரம்பினால் போதும் என்ற நிலையில் இருந்தார் போலும்.

நான் டில்லிக்கு வந்து நான்கு மாதங்களே ஆகியிருந்த சமயம் அது. குளிர் அப்போதுதான் மெல்ல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் விடுதியில் சனிக்கிழமை இரவுகளில் பொது அறைச் சுவரில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டி, அதன்மேல் சினிமாக் காட்டுவது வழக்கம். அன்று மாலையே என் அறை நண்பன் ஓடி வந்து, “அண்ணா, இன்றைக்கு உன் ஊர்ப் படம்! முன் வரிசையில் உனக்கென்று இடம் பிடித்து வைத்திருக்கிறேன்” என்றான்.

இந்த ‘அண்ணா’வைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் விடுதியில் விந்திய மலைக்குத் தெற்கேயிருந்து வந்த எவனுக்கும் அண்ணா என்றே பெயர். மலையாளியும் அண்ணா, தெலுங்கனும் அண்ணா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்களுக்குங்கூட நான் அண்ணாதான். வந்த புதிதில் இது வடநாட்டாரின் மரியாதை போலும் என்று பூரித்துப் போனேன். நாளடைவில் பூரிப்பு அடங்கிவிட்டது. என் அறை நண்பன் தர்பங்காக்காரன், வீட்டில் மைதிலி பேசுபவன். 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் நமது அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம் பெற்ற மொழி அது. இதை அவன்தான் எனக்குச் சொன்னான், அதுவும் அறிமுகமான முதல் நாளே.

அன்று காட்டிய படம் ‘சென்னை எக்ஸ்பிரஸ்’. ரோஹித் ஷெட்டி இயக்கி, ஷாருக்கானும் தீபிகா படுகோனேயும் நடித்து, 2013 ஆகஸ்டில் வெளிவந்த ஹிந்திப் படம். காதல் நகைச்சுவை என்று விளம்பரப்படுத்தப்பட்டு, இந்தியாவில் மட்டும் 200 கோடி ரூபாய்க்கு மேல் வசூல் கண்டது. ஆகவே அது சிரிக்க வைக்காத படம் என்று நான் சொன்னால், பிழை படத்தில் இல்லை, என்னிடந்தான் என்று வாசகர்கள் கருத முழு உரிமை உண்டு.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மும்பையில் மிட்டாய்க் கடை நடத்தும் ஒரு குடும்பம். நாற்பது வயதாகியும் மணமாகாத பேரன் ராகுல். நூறாவது பிறந்த நாளை எட்டும் தறுவாயில் இருக்கும் தாத்தா, தொலைக்காட்சியில் டெண்டுல்கர் 99 ஓட்டங்களில் ஆட்டமிழப்பதைப் பார்த்துவிட்டு உயிரை விட்டுவிடுகிறார். அவருடைய அஸ்தியை இராமேசுவரத்துக் கடலில் கரைக்க வேண்டியது பேரன் பொறுப்பு. பேரனுக்கோ நண்பர்களோடு கோவாவுக்குப் போக ஆசை. பாட்டியின் கண்ணில் மண்ணைத் தூவுவதற்காகச் சென்னை வண்டியில் ஏறுகிறான். அடுத்தாற்போல் கல்யாண் நிலையத்தில் இறங்கிவிடுவதாக ஏற்பாடு. அங்கே ஓடத் தொடங்கிவிட்ட வண்டியைப் பிடிக்க ஒரு பெண் ஓடி வருகிறாள். கை கொடுத்து ஏற்றுகிறான். அவளுக்குப் பின்னால் நான்கு தடியர்கள் ஓடி வருகிறார்கள். அவர்களையும் ஒவ்வொருவராகக் கை கொடுத்து ஏற்றிவிடுகிறான். ஏற்றி முடித்த பிறகுதான் தெரிகிறது, தகப்பனார் நிச்சயித்த திருமணத்துக்குப் பயந்து ஓடியவள் அவள் என்றும், பிடித்துக்கொண்டு போக வந்த உறவினர்கள் அவர்கள் என்றும்.

இதுவரையில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. பொய் சொன்னவன் தன் பொய்யிலேயே பூட்டப்பட்டுவிட்டான். ஓடிப் போனவளுக்கு ஓட இடமில்லை. இருவரும் ஒரே பெட்டியில். காதல் நகைச்சுவைக்கு இதைவிட நல்ல முகூர்த்தம் எங்கே கிடைக்கும்? அடுத்து வரும் காட்சியும் நல்ல காட்சிதான். தடியர்களுக்கு ஹிந்தி தெரியாது. ஆகவே அவளும் அவனும் பழைய ஹிந்திப் பாட்டு மெட்டுகளில் தங்கள் இரகசியத்தைப் புகுத்திப் பாடிப் பாடியே பேசிக்கொள்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் நால்வரும் ஏதோ பாட்டுக் கச்சேரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே நானும் சிரித்தேன். என் பிள்ளையார்த்தனத்துக்கு இது ஒன்றே விலக்கு, நேர்மைக்காகச் சொல்கிறேன்.

அதன்பின் வண்டி எந்தப் பாதையில் போயிற்று என்பதைக் கவனித்தேன். ரயில் விஷயத்தில் நான் கொஞ்சம் பைத்தியம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் பிறந்து டில்லிக்குப் படிக்க வந்தவன் அப்படி ஆகாமல் இருக்க முடியாது. மும்பையிலிருந்து சென்னைக்கு வரும் வண்டி புனா, சோலாப்பூர், வாடி, ராய்ச்சூர், குண்டக்கல், ரேணிகுண்டா என்று வந்து சேரும். படத்து வண்டியோ தூத்சாகர் அருவிக்கு முன்னால் பாலத்தில் போய் நிற்கிறது! அந்த அருவி கோவா எல்லையில், காசில் ராக்குக்கும் குலேமுக்கும் இடையே உள்ள மலைப்பாதையில் இருக்கிறது. சென்னை வண்டிக்கு அங்கே என்ன வேலை? “அழகுக்காகக் காட்டுகிறார்கள், விடு” என்றான் நண்பன். விட்டேன். அருவி உண்மையிலேயே அழகுதான்.

வண்டி தமிழ்நாட்டை அடைந்துவிட்டது என்று படம் சொல்லிற்று. ஊரின் பெயர் கொம்பன். கொம்பன் என்றால் நம் பக்கத்தில் யானையைச் சொல்வார்கள். யாருக்கும் அடங்காத ஆளைச் சொல்வார்கள். ஊருக்கு அப்படியொரு பெயரை நான் கேட்டதில்லை. போகட்டும், கற்பனை ஊருக்கு எந்தப் பெயரும் வைக்கலாம். ஆனால் அந்த ஊர் எந்த மாவட்டத்தில் இருக்கிறது? படம் முடிகிற வரையில் இந்தக் கேள்வி என்னை அரித்துக்கொண்டே இருந்தது. நம் நாட்டில் ஓர் ஆள் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் போதும், அவன் நெல்லையா, கோவையா, தஞ்சாவூரா, மதுரையா என்று சொல்லிவிடலாம். அங்கே பேசியவர்களின் தமிழ் எந்த ஊர்த் தமிழும் அல்ல. ஆற்றங்கரைக் காட்சிகள் பலவும் கிருஷ்ணா நதிக்கரையில், மகாராஷ்டிரத்து வாய் என்னும் ஊரில் படமெடுத்தவை என்று பின்னால் அறிந்தேன். ஆறும் தமிழ்நாட்டு ஆறு இல்லை, பேச்சும் தமிழ்நாட்டுப் பேச்சு இல்லை.

எனக்கு உண்மையான தொல்லை ஆரம்பமானது இந்த ஊரில்தான். படத்தில் தமிழ் பேசுகிற இடங்கள் நிறைய. அவற்றுக்கு ஹிந்தியில் விளக்கமோ, கீழே எழுத்தோ பெரும்பாலும் கிடையாது. ராகுலுக்கு ஒன்றும் புரியாது, அவன் விழிப்பான், அதுதான் வேடிக்கை. பொது அறையில் இருந்த அறுபது பேரில் அந்தப் பேச்சு புரிந்தவன் நான் ஒருவனே. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன் வேறு! “அண்ணா, என்ன சொன்னான்? என்ன சொன்னான்?” என்று முதுகுக்குப் பின்னாலிருந்து குரல்கள். நானும் கடமை உணர்ச்சியோடு திரும்பித் திரும்பி மொழிபெயர்த்தேன். மிரட்டுகிறான் என்றேன். விருந்தாளியை விசாரிக்கிறார்கள் என்றேன். சாதாரணப் பேச்சு, ஒன்றுமில்லை என்றேன்.

நாலைந்து தடவை மொழிபெயர்த்த பிறகுதான் ஒன்றைக் கண்டுகொண்டேன். நான் சொல்லி முடிக்கும் வரையில் யாரும் காத்திருக்கவில்லை. திரையில் ஒருவன் வாயைத் திறந்ததுமே சிரிப்பு வந்துவிட்டது. நான் பொருளைச் சொன்னபோது அது குறையவும் செய்தது. ஒருவன், “அண்ணா, நீ சும்மா இரு, காரியத்தைக் கெடுக்காதே” என்றே சொல்லிவிட்டான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தப் படத்தில் தமிழ் ஒரு மொழியாக வரவில்லை, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உலுக்கினால் வருமே, அந்த ஓசையாக வந்தது. ஓசைக்குப் பொருள் சொல்லக் கிளம்பியவன் காரியத்தைக் கெடுக்கத்தானே செய்வான்?

இதில் என்னை அதிகம் வருத்தியது சத்தியராஜ் அவர்களின் வேடம். நாயகியின் தகப்பனாராக, ஊரையே அடக்கி ஆளும் பெரியவராக வருகிறார். 1994-இல் வந்த ‘அமைதிப்படை’யில் மணிவண்ணனோடு சேர்ந்து அவர் அடித்த கூத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கொங்கு நாட்டுக் கிண்டலை நாக்கின் நுனியில் வைத்திருப்பவர் அவர். நகைச்சுவைப் படம் எடுக்கிறவர்கள் இப்படிப்பட்டவரைக் கூட்டி வந்து, அரிவாளோடு திரியும் ஆட்களின் நடுவே நிறுத்தி, முறைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். கருப்பட்டி வாங்கி வந்து காகிதத்தின்மேல் கனத்துக்கு வைத்த கதைதான்.

காதலாவது தேறியதா என்றால் அதுவும் இல்லை. காதல் நகைச்சுவை இரண்டு புத்திசாலிகளின் போட்டி. ஒருத்தி ஒன்று சொல்ல, ஒருவன் மடக்க, மடக்கியவன் மடங்க, அப்படித்தான் அது வளரும். மீனலோசனிக்கு முதல் பாதியில் அந்தத் துடுக்கு இருந்தது. பாட்டுக் காட்சியை நடத்திக்கொண்டு போனவளே அவள்தான். பிற்பாதியில் மனைவியைத் தூக்கிக்கொண்டு கோயில் படிக்கட்டுகளில் ஏறும் சடங்கு வருகிறது. அவன் மூச்சு வாங்குகிறான், அவள் அவன் முகத்தையே பார்க்கிறாள், காதல் பிறந்துவிடுகிறது. பிறகு சொற்பொழிவு, பிறகு அடிதடி, பிறகு தந்தை மனம் மாறுதல். மீனலோசனி ஒரு வார்த்தை எதிர்வார்த்தை பேசவில்லை. அவளை மணக்க நினைத்த தங்கபலிக்கு என்ன மனவருத்தம் என்று கேட்பாரும் இல்லை. அவன் உயரமாக இருக்கிறான் என்பது மட்டும் நமக்குத் தெரிகிறது.

முடிவில் லுங்கிப் பாட்டு. ரஜினிகாந்துக்குக் காணிக்கை என்றார்கள். எங்கள் விடுதி வீரர்கள் திரையாகக் கட்டியிருந்த படுக்கை விரிப்பையே அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொண்டு ஆடினார்கள். “அண்ணா, நீ ஆட வேண்டாமா!” என்று என்னையும் இழுத்தார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குச் சாரம் என்று பெயர். என் தகப்பனார் கடையிலிருந்து வந்ததும் குளித்துவிட்டுச் சாரம் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்காருவார். அவர் ஆடி நான் பார்த்ததில்லை. நான் ஆடினேன். ஆடாமல் இருந்தால் கோபித்துக்கொண்டேன் என்பார்களே!

இதோடு கட்டுரையை முடித்திருக்கலாம். படம் சரியில்லை, பார்த்தேன், தூங்கினேன் என்று. ஆனால் படம் அந்த இரவோடு முடியவில்லை.

இரவு ஒன்பது மணிக்கு அம்மா தொலைபேசியில் கூப்பிடுவாள். சாப்பிட்டாயா, குளிருக்குக் கம்பளி போதுமா, எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா, இவ்வளவுதான் பேச்சு. நான் வராந்தாவில் நடந்துகொண்டே பேசுவேன். படம் பார்த்த மறு வாரம் அப்படிப் பேசிக்கொண்டிருக்கையில், எனக்குப் பின்னால் இரண்டு பையன்கள் நான் பேசுவது போலவே ஓசை எழுப்பிச் சிரித்துக்கொண்டு போனார்கள். கெட்ட பிள்ளைகள் அல்லர். மறு நாள் காலையில் அவர்களில் ஒருவன்தான் எனக்காக நூலகத்தில் வரிசையில் நின்று புத்தகம் வாங்கி வந்தான். ஆனால் அந்த நிமிஷத்தில் என் குரல் தானாகத் தணிந்துவிட்டது.

“என்னல மெதுவாப் பேசுத? மேலுக்குச் சொகமில்லையா?” என்றாள் அம்மா.

“பக்கத்து அறையில பையன்க தூங்குதாங்கம்மா” என்றேன்.

“ஒம்பது மணிக்கேவா!” என்று அம்மா ஆச்சரியப்பட்டாள். வடநாட்டுப் பிள்ளைகள் நல்ல ஒழுக்கமுள்ளவர்கள் என்று அப்பாவிடமும் சொன்னாள்.

அன்று முதல் அம்மாவின் அழைப்பு வந்தால் நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். டிசம்பர் மாதத்து டில்லி மொட்டை மாடியில் இரவு ஒன்பது மணிக்கு நின்று பேசிப் பாருங்கள், காது மடல் உங்களுடையதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

இதற்கிடையில் அதே சுவரில் ‘படோசன்’ காட்டினார்கள். 1968-இல் வந்த படம். நாயகி அடுத்த வீட்டுப் பெண், பாட்டுப் பிரியை. சாதுவான நாயகனுக்குப் பாட வராது. நண்பன் மறைவில் நின்று பாட, இவன் சன்னலில் நின்று வாயசைக்கிறான். கதையின் மூலம் வங்காளத்துக் கதை. 1952-இல் வங்காளிப் படமாகி, மறு ஆண்டு தெலுங்குக்குப் போய், 1960-இல் ‘அடுத்த வீட்டுப் பெண்’ என்று நம் தமிழுக்கும் வந்து, டி. ஆர். ராமச்சந்திரனும் அஞ்சலிதேவியும் தங்கவேலுவும் நடித்துச் சிரிக்க வைத்த கதை. ஹிந்தியில் சங்கீத வாத்தியாராகக் குடுமியும் வேட்டியுமாக மெஹ்மூத் வருகிறார். மதராஸி வாத்தியார்! அவருடைய ஹிந்தியும் கோணல் ஹிந்திதான். ‘ஐயோ’வுக்கும் பஞ்சமில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஐந்து நிமிஷத்தில் சிரித்துவிட்டேன். பாட்டுப் போட்டி வந்தபோது கண்ணில் நீர் வரச் சிரித்தேன். எனக்கே வெட்கமாய்ப் போயிற்று. அரை நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு படங்கள், இரண்டும் நம்மைப் பார்த்துச் செய்யும் பரிகாசம். ஒன்றுக்குப் பிள்ளையார், இன்னொன்றுக்கு இந்தக் கூத்தா?

யோசித்துப் பார்த்தேன். மெஹ்மூதின் வாத்தியாருக்கு ஓர் ஆசை இருக்கிறது. அந்தப் பெண்ணின்மேல் அவருக்கும் காதல். தன் வித்தையில் கர்வம் இருக்கிறது. அந்தக் கர்வத்துக்குத் தக்க வித்தையும் இருக்கிறது. அவருக்காக மன்னா டே பாடியிருப்பதைக் கேட்டால் வித்தையில்லாதவர் என்று யார் சொல்ல முடியும்? எதிரே கிஷோர் குமார் தாளத்தையும் இலக்கணத்தையும் பந்தாடிவிட்டு ஜெயிக்கும்போது, வாத்தியார் தவிக்கும் தவிப்பு நமக்குப் புரிகிறது. அவருடைய குடுமியைவிட அந்தத் தவிப்புதான் சிரிப்பை வரவழைக்கிறது. இப்படி ஒரு காரணம் கண்டுபிடித்தேன். ஆனால் இது முழுக் காரணமா என்பதில் எனக்கு இன்றும் நிச்சயமில்லை. அன்று பொது அறையில் ஆறேழு பேர்தான் இருந்தார்கள், பரீட்சைக் காலம். பின்னாலிருந்து யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

என் நண்பனுக்கு அந்தப் படத்தில் வேறொரு பெருமை. கிஷோர் குமாரின் பாத்திரத்துக்கு வித்யாபதி என்று பெயர். “அது எங்கள் மைதிலிக் கவியின் பெயர், தெரியுமா?” என்று படம் ஓடும்போதே மூன்று முறை சொன்னான்.

அவனுக்குப் பதில் மரியாதையாக, ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யைப் பற்றி நான் சொன்னேன். 1964-இல் தமிழில் வந்தது. இரண்டே ஆண்டில், ஸ்ரீதரே இயக்க, ‘பியார் கியே ஜா’ என்று ஹிந்திக்குப் போயிற்று. சினிமாப் பைத்தியம் பிடித்த மகன் தன் தகப்பனாருக்குப் பேய்க் கதை சொல்லும் காட்சி அதில் உண்டு. தமிழில் நாகேஷ் சொல்ல, பாலையா நடுங்குவார். ஹிந்தியில் மெஹ்மூத் சொல்ல, ஓம் பிரகாஷ் நடுங்குவார். நாகேஷின் ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ அங்கே ‘வாஹ் வாஹ் புரொடக்ஷன்ஸ்’ ஆயிற்று, அவ்வளவுதான் வித்தியாசம். கதை கேட்கிற பெரியவர் எந்த ஊர்க்காரராக இருந்தால் என்ன? பயந்த மனிதன் பயத்தை மறைக்கப் பார்க்கிறான்; அந்த மறைப்பு கலைந்துகொண்டே போகிறது. விந்தியத்தைத் தாண்டியதில் அந்தச் சிரிப்புக்கு ஒரு சேதமும் இல்லை. நண்பன் ஹிந்தியில் பார்த்தவன், நான் தமிழில் பார்த்தவன். ஒரே இடத்தில் இருவரும் சிரித்திருக்கிறோம், வெவ்வேறு ஊரில், ஒருவரை ஒருவர் அறியாமல்.

இந்தப் பேச்சு நடந்தது மொட்டை மாடியில். நான் அம்மாவோடு பேசி முடித்த நேரம் பார்த்து அவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேலே வந்திருந்தான். பேச்சு இவ்வளவு இனிமையாகப் போனதில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. பல நாளாக மனத்தில் இருந்ததைக் கேட்டேன்.

“அன்றைக்குச் ‘சென்னை எக்ஸ்பிரஸ்’ பார்த்தபோது நீயும்தானே சிரித்தாய்?”

“சிரித்தேன். படத்தைப் பார்த்துச் சிரித்தேன்.”

“எந்த இடத்துக்கு?”

அவன் யோசித்தான். நெடுநேரம் யோசித்தான். கடைசியில், “நீ ஏன் இந்தக் குளிரில் மேலே வந்து பேசுகிறாய்?” என்று கேட்டான்.

வராந்தாவில் நடந்ததைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. “நான் வீட்டாரோடு பேசி நீ எப்போதாவது கேட்டிருக்கிறாயா?” என்றான்.

கேட்டதில்லை. நான்கைந்து மாதமாக ஒரே அறையில் இருக்கிறோம். அவனுக்குத் தாயார் இருக்கிறாள், தங்கை இருக்கிறாள், அடிக்கடி கடிதம் எழுதும் காலமும் அல்ல இது. மைதிலியில் அவன் ஒரு சொல் பேசி நான் கேட்டதே இல்லை!

அப்போதுதான் சொன்னான். முதலாண்டு வகுப்பில் ‘நான்’ என்பதற்கு அவன் ஊர் வழக்கப்படி ‘ஹம்’ என்று சொன்னானாம். ‘ஹம்’ என்றால் டில்லி ஹிந்தியில் ‘நாங்கள்’. “எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள்?” என்று ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்ததாம். கண்ணாடி முன் நின்று ‘மைம்’, ‘மைம்’ என்று சொல்லிப் பழகினானாம். அன்று முதல் வீட்டாரோடு பேசுவதெல்லாம் இந்த மாடியில்தான். இந்தத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், காற்று அடிக்காத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறான். எனக்கும் அந்த இடத்தைக் காட்டினான்.

“அப்படியிருந்துமா அன்றைக்குச் சிரித்தாய்?” என்று கேட்டுவிட்டேன்.

“எல்லாரும் சிரித்தார்கள்” என்றான். சற்றுப் பொறுத்து, “உங்கள் ஊருக்கு எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வேலைக்குப் போகிறார்களே. அவர்களை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள்?” என்றான்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அம்மாவிடம் எளிதாக வந்த பொய் இவனிடம் வரவில்லை. எங்கள் ஊர் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள ஒரு ஹோட்டலில் பரிமாறிய பையனைப் பற்றிச் சொன்னேன். பீகாரிலிருந்து வந்தவன், பதினெட்டு வயதிருக்கும். நானும் என் சிற்றப்பா பிள்ளைகளும் விடுமுறையில் அங்கே போனால், இட்டிலியைவிட அவனைத்தான் எதிர்பார்ப்போம். “தம்பி, வாழைப்பழம் சொல்லு” என்போம். அவன் சொல்லுவான். ‘ழ’ வராது. இன்னொரு தரம் சொல்லச் சொல்லுவோம். சிரித்துக்கொண்டே சொல்லுவான். சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் ஏழெட்டுத் தரம் சொல்ல வைத்துவிடுவோம். நம் பழைய சினிமாக்களில் வட்டிக் கடைச் சேட்டு வந்து ‘நம்பள், நிம்பள்’ என்று பேசுகிற இடத்தில் நான் எப்படிச் சிரிப்பேன் என்பதையும் சொன்னேன். அவன் கேட்காததையும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் குறுக்கிடவே இல்லை. முடித்த பிறகு, “அந்தப் பையன் எந்த ஜில்லா?” என்று கேட்டான்.

“பீகார்” என்றேன்.

“பீகாரில் 38 ஜில்லா” என்றான்.

இருவரும் கீழே இறங்கி வந்துவிட்டோம். குளிர் தாங்கவில்லை.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது அந்த ஹோட்டலுக்குப் போனேன். வேறொரு பையன் இலை போட்டான். முன்பு இருந்தவன் எங்கே என்று முதலாளியை விசாரித்தேன். திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனியில் நல்ல சம்பளம் என்று போய்விட்டானாம்.

“அவனுக்குச் சொந்த ஊர் எது, அண்ணாச்சி?”

அண்ணாச்சி மிச்சச் சில்லறையை எண்ணிக் கொடுத்துக்கொண்டே, “வடக்க எங்கனயோ” என்றார்.